தறிக்காரர் கண்ணும் கைப்பேசி வைத்தியமும்

நாற்பது வயதைக் கடந்த நெசவாளி, பாவில் அறுந்த இழையைக் கண்டு முடிச்சிட மகனையோ மகளையோ கூப்பிடத் தொடங்குகிறார். மங்கும் பார்வையை மூப்பின் விதியென்று ஏற்று, மெல்லிய நூலை விட்டு முரட்டு நூலுக்கு மாறுகிறார், கூலியும் குறைகிறது. பெரும்பாலும் ஒரு மூக்குக் கண்ணாடியால் தீரக்கூடிய குறை இது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில், நாற்பதும் அதற்கு மேலும் வயதான தொழிலாளருக்கு அருகில் பார்ப்பதற்கான கண்ணாடி அளித்து நடத்திய ஆராய்ச்சி 2018-இல் வெளியாயிற்று. கண்ணாடி பெறாதவரைக் காட்டிலும் பெற்றவரின் கொழுந்து பறிப்பு நூற்றுக்குச் சுமார் 22 பங்கு கூடுதலாக உயர்ந்ததாம்.

பின் ஏன் நம்மவர் அணிவதில்லை? நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் தறி நிற்கும். வண்டிச் செலவு வேறு. இந்தத் தடையைப் புதிய கருவிகள் தகர்த்துள்ளன. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் சிற்றூர்களில் கண் பரிசோதனை நிலையங்களை அமைத்து வந்துள்ளது. அவை இன்று நூற்றுக்கு மேற்பட்டவை. அங்கே பயிற்சி பெற்ற பெண்ணொருவர் கண்ணைச் சோதித்துக் குறிப்புகளைக் கணினி வழியே அனுப்புகிறார். தொலைவிலுள்ள டாக்டர் திரையில் தோன்றி நோயாளியிடம் பேசி முடிவு கூறுகிறார். அறுவை தேவைப்படுவோர் மட்டும் நகரம் சென்றால் போதும்.

என் அபிப்பிராயத்தில், இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி அந்தப் பெண்தான். அரசினரின் இ-சஞ்சீவனி வாயிலாக 2020 முதல் வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேச முடிகிறது. சளி, காய்ச்சலுக்கு அது பெரிய சௌகரியமே. ஆயினும் கைப்பேசியில் பேசிவிட்டால் கண் சோதனை ஆகிவிடாது. கண்ணில் நீரழுத்தம் ஏறும் நோய் பெரும்பாலும் வலியின்றியே பார்வையைத் தின்னும். அதை அளக்கக் கருவியும் பழகிய கையும் வேண்டும். கைப்பேசியை இயக்கப் பேரன் பள்ளியிலிருந்து வரும்வரை காத்திருக்கும் பாட்டிமாரையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆகவே நம் சங்கங்கள் தம் கட்டடத்தில் ஓர் அறையும், மின்சாரமும், இணைய இணைப்பும் ஒதுக்கி, இத்தகைய நிலையத்தை நடத்த வல்ல மருத்துவமனையை அழைக்கவேண்டும். "சங்கம் நூலுக்கும் துணிக்கும்தானே?" என்று கேட்போர் உண்டு, இழை தெரியாதவர் கொண்டுவரும் துணியின் தரத்தை அவர்களே கவனிக்கட்டும். துணியை ஒப்படைத்துக் கூலி வாங்க அங்கத்தினர் எப்படியும் சங்கத்துக்கு வருகின்றனர். அந்த நாளிலேயே சோதனை நடந்தால் தறி நிற்காது. கண்ணாடியின் விலையை, அவர்கள் சம்மதத்துடன், நாலைந்து தவணைகளில் கூலியில் பிடித்துக்கொள்ளலாம்.