முற்றத்து நீரூற்று யாருக்கு?

மொராக்கோவில் ஃபெஸ் நகரத்துக்குப் போய் மூன்று ராத்திரி தங்கிவிட்டு வந்ததிலிருந்து ஒரு விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. எழுதித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

படிப்பது பிரான்சில். மலிவு விலையில் விமான டிக்கெட் கிடைத்ததும் வகுப்புத் தோழர்கள் மூன்று பேரோடு கிளம்பிவிட்டேன். பழைய நகரத்துக்குள் ஒரு 'ரியாத்'தில் தங்கினோம். அரபியில் ரியாத் என்றால் தோட்டம். முற்றத்தில் தோட்டம் இருந்தால்தான் ரியாத். தளம் போட்ட முற்றம் மட்டும் என்றால் 'தார்', அதாவது வீடு. ஆனால் வாடகைக்கு விடும்போது எல்லாமே ரியாத்தான் :-)

வெளியே இருந்து பார்த்தால் வெறும் மொட்டைச் சுவர். கார் நுழைய முடியாத சந்து. கழுதை மேல் மூட்டை ஏற்றிக்கொண்டு வருபவர் 'பாலக்! பாலக்!' என்று கத்தினால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கதவைத் திறந்து ஒரு வளைவு திரும்பினால், அடேயப்பா! வானம் பார்த்த முற்றம். சின்னச் சின்னதாகக் கையால் வெட்டிப் பொருத்திய ஜெலீஜ் ஓடுகள், செதுக்கிய தேவதாரு மரம், நடுவில் நீரூற்று. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே சில்லென்று இருந்தது. உயரமான சுவர் நிழல் தருகிறது, தண்ணீர் ஆவியாகிச் சூட்டைக் குறைக்கிறது. அழகுக்கு மட்டும் கட்டியது இல்லை அது.

மறுநாள் காலையில் ஓர் அம்மா வந்து நீரூற்றுத் தொட்டியில் ரோஜா இதழ்களைத் தூவினார். சுவிட்சைத் தட்டினார். மோட்டார் ஓடித் தண்ணீர் எழும்பியது. எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் பேச்சுக் கொடுத்தேன்.

அவர் பிறந்ததே அந்த வீட்டில்தானாம்! மேல்மாடியில் மூலை அறை. அப்போது அங்கே ஐந்து குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம். அந்தத் தொட்டியில்தான் எல்லோரும் துணி அலசுவார்களாம். வீடு கைமாறியதும் எல்லோரும் காலி செய்ய வேண்டியதாயிற்று. இப்போது ஊருக்கு வெளியே இருந்து பஸ் பிடித்து வந்து, தான் பிறந்த அறையில் மற்றவர்களுக்குப் படுக்கை விரிக்கிறார்.

அந்த மூலை அறையில் தங்கியிருந்தது நான்தான்.

ஐந்து குடும்பங்கள் எப்படி வந்தன? 1912-இல் பிரெஞ்சு ஆட்சி வந்தது, தலைநகரம் ரபாத்துக்குப் போனது. பழைய நகரத்துக்கு வெளியே புது நகரம் எழும்பியது. வசதியான குடும்பங்கள் அங்கேயும் காசாபிளாங்காவுக்கும் போய்விட்டன. கிராமங்களிலிருந்து வந்த ஏழைகள் அறை அறையாக வாடகைக்குக் குடியேறினார்கள். 1981-இல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பிறகு வெளிநாட்டுப் பணமும் உள்ளூர்ப் பணமும் வந்து வீடுகள் விடுதிகளாயின.

இப்படிச் செய்திருக்காவிட்டால் வீடு இடிந்து விழுந்திருக்கும் என்றான் நண்பன். உண்மைதான். ஓடு வெட்டுபவருக்கும் தச்சருக்கும் வேலை கிடைத்ததும் உண்மை. இனிமேல் இங்கெல்லாம் தங்கவே கூடாது என்றாள் இன்னொருத்தி. அதுவும் சரியில்லை. நாம் போகாவிட்டால் முதலில் வேலை இழப்பது அந்த அம்மாதான்.

என்னைக் கேட்டால், சுவரைக் காப்பாற்றியது பாதி வேலைதான். ஒரு காலத்தில் ஃபெஸ் ஆற்றுத் தண்ணீரை வாய்க்கால்கள் வழியாகப் பள்ளிவாசல், குளியல் கூடம், வீடு, தெருமுனை நீரூற்று என்று ஊர் முழுக்கப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்தப் பங்கீடும் பாரம்பரியம்தானே? வீட்டை விற்கும்போது குடியிருந்தவர்களுக்கு அதே பழைய நகரத்துக்குள் மாற்று வீடு கொடுக்கச் சட்டம் வேண்டும். நாம் கொடுக்கும் வாடகையில் ஒரு பங்கு பக்கத்து வீடுகளின் கூரையைச் சரிசெய்யப் போக வேண்டும். நம் பங்குக்கு, குடும்பம் குடியிருந்துகொண்டே ஓரிரு அறைகளை வாடகைக்கு விடும் வீடாகத் தேடித் தங்கலாம். அடுத்த முறை நான் அப்படித்தான் தேடப் போகிறேன்.

கிளம்புகிற அன்று என் படுக்கையை நானே மடித்து வைத்தேன். அந்த அம்மா வந்து பார்த்தார், சிரித்தார். நான் மடித்தது சரியில்லை என்று பிரித்து, மறுபடி விரிக்க ஆரம்பித்துவிட்டார்.