செத்த ஊர் என்பதா?

சங்கரன்கோயிலை அடுத்த பனவடலிசத்திரம் பனைவடலியைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. ஊர்ப்பெயர் ஊரின் வரலாறு. பெயர் போயின் ஊரும் போம். கரிசற் பகுதி மக்கள் இராமேச்சுரம் செல்லுங்கால் இவ்வுண்மையைத் தனுக்கோடியிற் கண்கூடாகக் காணலாம்.

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் தனுக்கோடி ஈழத்துக்குத் தலைவாயிலாயிற்று. சென்னையினின்று தொடர்வண்டியில் வந்தோர் அங்குக் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினர். 1964 திசம்பர் 22 இரவு எழுந்த புயல் யாவற்றையும் விழுங்கிற்று. நூற்றுக்கு மேற்பட்டோருடன் வந்த தொடர்வண்டியையும் அலை வாரிக்கொண்டது. ஊர் வாழத் தகாதது என்று அரசு அறிவித்தது.

அறிவித்தோர் அகன்றனர், மீனவரோ மீண்டு வந்தனர். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டதும் காண்போர் கூட்டம் பெருகிற்று. இடிந்த மாதா கோயிலைப் படம்பிடித்துப் 'பேய் நகரம்', 'செத்த ஊர்' என்று எழுதித் திரும்புகின்றனர். அருகே கரைவலை இழுக்கும் கைகள் அவர்தம் கண்ணிற் படவில்லையா? கடலோரத்து மணலைத் தோண்டி நன்னீர் காணும் மக்களா பேய்கள்?

அம்மக்கள் நாவில் வாழும் தமிழைக் கேண்மின்! வாடை, கொண்டல், சோழகம் எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயர். கொந்தளிக்கும் மன்னார்க் கடல் ஆண்கடல். அடங்கிய வடகடல் பெண்கடல். அலை அரிக்கும் முனை அரிச்சல்முனை. பள்ளி வரைபடத்திலோ அப் பெண்கடலுக்குப் பெயர் 'பாக்கு நீரிணை'! யார் அந்தப் பாக்கு? 1763 முதல் 1767 வரை சென்னையில் ஆளுநராயிருந்த ஆங்கிலேயன் இராபர்ட்டு பாக்கு. சில்லாண்டு ஆண்டவன் பெயர் ஏட்டில். தலைமுறை தலைமுறையாய் உழைத்தவன் சொல் மணலில்! இதுவோ நயன்மை?

உலகறிந்த பெயரை மாற்றலாகுமோ என்பர் சிலர். 1996-இல் மதராசு சென்னையாயிற்று. எக்கப்பலும் துறை தவறவில்லை. பெண்கடல் என்று எழுதினால் மட்டும் கடல் வற்றிவிடுமோ?

தனுக்கோடி செல்லும் தமிழர் இடிந்த சுவரை மட்டும் கண்டு மீளற்க. ஆசிரியர் மாணவரை அம்மீனவரிடம் அழைத்துச் சென்று காற்றின் பெயரை, வலையின் பெயரைக் கேட்டெழுதச் செய்க. பாடநூலில் பெண்கடல் ஏறுக. குடியிருக்கும் மணலில் அம்மக்களுக்கு உரிமை எழுதித் தருக.

புயல் கொண்டது கல்லையும் மரத்தையுமே. சொல்லையும் இழந்தால் அது புயலின் குற்றமன்று; தமிழரின் குற்றமே!