நெஞ்சு வலிக்கு ‘மனசுதான் காரணம்’ என்றால்..?

சாவு வீட்டில் ஒரு பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், ‘அழுது அழுது வந்த வலி, கொஞ்சம் சோடா குடுங்க’ என்பார்கள். அழுகைதான் காரணம் என்பது சரியாகவே இருக்கலாம். சோடாதான் போதாது!

மனக்கவலை இதயத்தையே பாதிக்குமா? பாதிக்கும். 1990-ல் ஜப்பான் மருத்துவர்கள் இதற்கு ‘டகோட்சுபோ’ என்று பெயர் வைத்தார்கள். அங்கே ஆக்டோபஸ் பிடிக்கக் கடலில் இறக்கும் பானையின் பெயர் அது. கழுத்து குறுகல், அடிப்பக்கம் உருண்டை. தாங்க முடியாத அதிர்ச்சியில் அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் ரத்தத்தில் எகிறும்போது, சிலருக்கு இதயத்தின் இடது கீழறை கிட்டத்தட்ட அதே பானை போல உப்பி, ரத்தத்தை வெளியே தள்ள முடியாமல் திணறுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கே இது அதிகம். அபூர்வமாக, அளவு கடந்த சந்தோஷத்திலும் வருவதுண்டு.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஈ.சி.ஜி-யில் மாற்றம்... எல்லாமே மாரடைப்பு மாதிரிதான். ஆஞ்சியோகிராம் செய்து பார்த்தால் மட்டும், இவ்வளவு பாதிப்புக்குக் காரணமான அடைப்பு ரத்தக்குழாயில் இருக்காது.

பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் இதயம் பழையபடி ஆகிவிடும். ஆனால், முதல் சில நாள்களில் உயிருக்கே ஆபத்து வரலாம். ‘எல்லாம் மனப்பிரமை’ என்று உறவினர்கள் ஒதுக்கிவிடுவது அந்த நேரத்தில்தான். வந்திருப்பது மாரடைப்பா, டகோட்சுபோவா என்று வீட்டில் இருப்பவர்களால் கண்டுபிடிக்கவே முடியாது. ‘தைரியமா இரும்மா’ என்பதையெல்லாம் ஆம்புலன்ஸில் போகும்போது சொல்லிக்கொள்ளலாம். முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள்.