கிளப்பை வாங்கலாம், ரசிகனை வாங்க முடியாது

1/ "இங்கிலாந்து கிளப்பையே இந்தியர் வாங்கிட்டாங்க"ன்னு இன்னும் பெருமைப்படுறவங்களுக்கு ஒரு சின்ன த்ரெட்.

2/ பிளாக்பர்ன் ரோவர்ஸ். 1995ல பிரீமியர் லீக் சாம்பியன். 2010 நவம்பர்ல புனே கோழி நிறுவனம் வெங்கீஸ் வாங்குச்சு. அடுத்த மாசமே மேனேஜர் சாம் அலர்டைஸை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

3/ 2012ல டீம் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்குச்சு. அந்த மேட்ச்ல கிளப் கொடியைச் சுத்தி உயிர்க்கோழியையே மைதானத்துல விட்டாங்க. 2017ல மூணாம் டிவிஷன்!

4/ "பணம் கொட்டினாங்களே சார்?" கொட்டினாங்க, உண்மைதான். ஆனா டாக்டரை மாத்துறதுக்கு முன்னாடி கேஸ் ஷீட்டைப் படிக்கணும்ல?

5/ ஜெர்மனியில பெரும்பாலான கிளப்கள்ல பாதிக்கு மேல ஓட்டு உறுப்பினர்கள் கையில. பிளாக்பர்ன்ல தாத்தா காலத்துல இருந்து டிக்கெட் வாங்குறவனுக்கு ஒரு ஓட்டு கூட இல்ல. முதலாளி நம்மாளுங்கிறதால அது நியாயம் ஆகிடுமா?