கியர்பாக்ஸைக் கழற்றும் முன்

1957-ல் வந்த லோட்டஸ் செவன் காரை உதிரிபாகங்களாகவும் விற்றார் காலின் சாப்மன். அப்படி வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் பிரிட்டனில் கொள்முதல் வரி கிடையாது. 1973-ல் வாட் வந்ததும் சலுகை போயிற்று. ஷெட்டில் கார் கட்டும் ஆசை போகவில்லை. இந்த ரகக் கார்கள் பலவற்றில் இருப்பது போர்டு சியராவிலிருந்து எடுத்த ஐந்து கியர் டைப் 9 பெட்டி.

கியர் போடும்போது கரகரவென்று அரைக்கிறதா? ஸ்பானரை எடுக்காதீர்கள். இன்ஜினை அணைத்து, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். அப்போது சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் எல்லா கியரும் முரண்டு பிடித்தால், சந்தேகம் கிளட்ச் மீது. பெடல் ஒரு காரிலிருந்தும் கிளட்ச் இன்னொன்றிலிருந்தும் வந்திருந்தால், முழுக்க மிதித்தாலும் கிளட்ச் சரியாக விடுபடாமல் போகலாம். சில சமயம் கேபிளைச் சரிசெய்தாலே போதும்.

ஒரே ஒரு கியர் மட்டும் அரைத்தால் அதன் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கலாம். நியூட்ரலில் கேட்கும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் அடங்கினால், பெட்டிக்குள் பேரிங்கைச் சந்தேகியுங்கள். எண்ணெயையும் மறக்காதீர்கள். டைப் 9-ல் அதை வடிக்க அடியில் திருகு கிடையாது. பக்கத்துத் துளை வழியாக உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும்.

செவனில் பெட்டியை இறக்க இன்ஜினையும் சேர்த்துத் தூக்க வேண்டும். அதற்குப் பயந்து சும்மா இருந்துவிடவும் கூடாது. விடுபடாத கிளட்சோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் நல்ல சின்க்ரோவும் தேயும். அப்போது கியர்பாக்ஸ் உண்மையாகவே கெட்டுவிடும்.