மருந்துக்கு பாஸ்புக், மனிதனுக்கு வரிசை

அரசு மருத்துவமனை என்றாலே தாமதம்தான், அதை யாராலும் மாற்ற முடியாது என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அது உண்மையில்லை. மாற்ற முடியும் என்று தமிழக அரசே இரண்டு முறை காட்டியிருக்கிறது.

முதலாவது மருந்து. 1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் தேவையான மருந்தை டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குவது, தரம் சோதித்து மாவட்டக் கிடங்குகள் வழியாகக் கொடுப்பது இதன் வேலை. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் வரவு இருக்கும். எடுக்க எடுக்கக் கழித்துக்கொண்டே வருவார்கள். வங்கிக் கணக்கு மாதிரிதான். ஒவ்வொரு பெட்டி மாத்திரைக்கும் மேலிடத்துக்கு கோப்பு அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. பின்னாளில் கேரளாவும் ராஜஸ்தானும் இதே போன்ற கழகங்களைத் தொடங்கின.

இரண்டாவது விபத்து. 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்தது. தமிழக எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த ஊர்க்காரர் என்ற கேள்வியே கிடையாது.

இப்போது மற்ற நோயாளிகளைப் பாருங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கூலி வேலை செய்யும் ஒருவருக்கு பெரிய அறுவை சிகிச்சை வேண்டும், ஆனால் அட்டை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வார்டில் படுத்திருக்க, அவர் மனைவி ரேஷன் கார்டையும் ஆதாரையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம், வி.ஏ.ஓ. அட்டைக்கு கலெக்டர் அலுவலகம். அதற்குப் பிறகுதான் சிகிச்சைக்கான முன் அனுமதி. அலையும் ஒவ்வொரு நாளும் கூலி போகிறது. நோயோ காத்திருப்பதில்லை.

பொதுமக்கள் பணம், சரிபார்க்காமல் கொடுத்தால் ஏமாற்ற மாட்டார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கணக்கு எழுதுவது வேறு, தணிக்கை செய்வது வேறு. தணிக்கை முடியும்வரை எந்தக் கடையும் வியாபாரத்தை நிறுத்தி வைப்பதில்லை!

இன்னொன்றும் இருக்கிறது. ரேஷன் கார்டு கொடுத்தது அரசு. வருமானச் சான்று கொடுப்பதும் அரசு. அட்டை கொடுப்பதும் அரசுதான். ஒரு துறையின் தாளை இன்னொரு துறைக்குச் சுமந்து செல்லும் வேலை மட்டும் ஏன் நோயாளியின் மனைவிக்கு?

அந்த வேலையை மருத்துவமனையே செய்யட்டும். ரேஷன் கார்டை வைத்து சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, மற்ற சான்றுகளை துறைகள் தங்களுக்குள் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். பொய் சொன்னவரிடம் பிறகு பணத்தை வசூலிக்கலாம். போன உயிரை வசூலிக்க முடியாது.

சாலையில் அடிபட்டவருக்கு முடிகிறது என்றால் வார்டில் காத்திருப்பவருக்கு ஏன் முடியாது?