கொடுத்த கோழிக்குக் கணக்கு உண்டு, செத்த கோழிக்கு இல்லை

கடந்த தை மாதம் ஒரு காலையில் அயல்வீட்டு அக்கா வேலியடியில் நின்று கூப்பிட்டார். கிளிநொச்சி மாவட்டத்தில் மீள்குடியேறிய எங்கள் ஒழுங்கையில் அவரிடம்தான் கூடுதலாகக் கோழிகள் நின்றன. மொத்தம் 23. கூட்டைத் திறந்தபோது கறுப்புப் பேடு ஒன்று எழும்பவில்லை. காலை இழுத்து இழுத்து அரைந்தது.

"ஆரும் கல்லால எறிஞ்சிட்டினமோ தெரியேல்லை, ஒருக்கா பாருங்கோ தம்பி" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டு, மற்றக் கோழிகளோடேயே விட்டோம். நாங்கள் விட்ட பெரிய பிழை அதுதான். அடுத்த நாள் மூன்று கோழிகள் தூங்கி வழிந்தன. பச்சை நிறத்தில் கழிந்தன. ஒன்றின் கழுத்து முறுகிப் பின்னால் திரும்பியிருந்தது. எட்டாம் நாள் கூட்டில் நான்கு கோழிகள்தான் மிஞ்சின.

அந்த அக்கா 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் கணவரை இழந்தவர். மெனிக் பாம் முகாமிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வெறுங்கையுடன் திரும்பியவர். முட்டை விற்ற காசில்தான் மகளின் ரியூசன் காசும் கிழமைக் கடனும் போய்க்கொண்டிருந்தன. நகரத்தில் இருப்பவருக்கு 19 கோழி போனது ஒரு செய்தியே அல்ல. அவருக்கு அது ஆறு மாத வருமானம்.

கால்நடை வைத்தியர் அறிகுறிகளைக் கேட்டதுமே இராணிக்கெட் நோயாக இருக்க வேண்டும் என்றார். நியூகாசில் என்பதும் இதே நோய்தான். நொண்டுவதை வைத்து மட்டும் இதை முடிவு செய்ய இயலாது. ஒரு கோழி மட்டும் நொண்டி, உள்ளங்காலில் வீக்கமோ கறுத்த காய்ப்போ இருந்தால் அது முள்ளோ கல்லோ குத்தி வந்த புண்ணாக இருக்கலாம். சில மாத வயதுடைய இளங்கோழி ஒரு காலை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் நீட்டிக்கொண்டு விழுந்தால் மரெக்ஸ் நோயைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு மருந்து இல்லை. பொரித்த முதல் நாளிலேயே குஞ்சுக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். நொண்டலோடு கழிச்சலும் மூச்சிழுப்பும் கழுத்து முறுகலும் சேர்ந்து, நாளுக்கு நாள் கோழிகள் விழுந்தால் காலுக்குப் பற்றுப் போட்டு நேரத்தை வீணாக்கக் கூடாது.

இராணிக்கெட் வைரஸ் நோய். பாமசியில் வாங்கிய ரெட்ராசைக்கிளின் குளிசையை உடைத்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது எங்கள் ஊரில் வழக்கம். அக்காவும் கொடுத்தார். அந்தக் குளிசை வைரஸைத் தொடாது. வேப்பிலையும் சின்னவெங்காயமும் கூட இந்த நோயை மாற்றா. நோயுற்றதைப் பிரித்து வைப்பது, செத்ததை நாய் கிளறாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பது, கையையும் செருப்பையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுவது, புதுக் கோழி வாங்காமல் இருப்பது, உடனே கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்குச் சொல்வது, இவ்வளவும்தான் நோய் வந்த பிறகு எங்கள் கையில் இருப்பவை.

சொல்லக் கூச்சமான ஒன்றையும் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள், மோட்டார் சைக்கிளில் கூடை கட்டி வரும் கோழி வியாபாரிக்கு அக்கா நிற்கிற கோழிகளில் இரண்டை அரை விலைக்கு விற்றுவிட்டார். அந்தக் கூடை அன்று எத்தனை முற்றங்களுக்குப் போயிருக்கும்? இருந்தும் என்னால் அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை. அடுத்த நாள் கடன்காரர் வருகிற நாள். 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. ஆனால், செத்த ஊர்க்கோழிக்கு இழப்பீடு வாங்கிய ஒருவரையும் நான் எங்கள் பகுதியில் கண்டதில்லை. சொன்னால் நட்டம், விற்றால் பாதிக் காசாவது மிஞ்சும் என்ற நிலையில் ஒரு தாய் எதைத் தெரிவு செய்வார்?

2022 டிசம்பரில் மண்டூஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தபோது அதிகாரிகள் வந்து எண்ணினார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் அரசாங்கம் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று உச்ச விலை நிர்ணயித்தது. 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கியது. பெரிய பண்ணையும் கொழும்புப் பேக்கரியும் பேசப்பட்ட அளவுக்கு முற்றத்துக் கோழி பேசப்படவில்லை.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எங்கள் கிராமத்துக்கு வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சுகள் வந்தன. பதாகை கட்டி, வரிசையில் நிறுத்தி, படம் எடுத்துக் கொடுத்தார்கள். எத்தனை குடும்பத்துக்கு எத்தனை குஞ்சு என்ற கணக்கு ஏதோ ஓர் அறிக்கையில் இருக்கும். ஆறு மாதத்தின் பின் எத்தனை உயிரோடு நின்றன என்று கேட்க ஒருவரும் வரவில்லை. "உங்களுக்குத்தானே போன முறை தந்தது" என்று அடுத்த பட்டியலில் பெயரை மட்டும் வெட்டினார்கள்.

தடுப்பு மருந்து ஒன்றும் எட்டாத விலை இல்லை. சிக்கல் போத்தலில் இருக்கிறது. ஒரு போத்தல் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு என்ற கணக்கில் வரும். குளிரில் வைத்தே கொண்டுவர வேண்டும். கரைத்தால் ஓரிரு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். பத்துக் கோழி வைத்திருக்கிற பெண் அதைத் தனியே வாங்கி என்ன செய்வார்? கண்ணில் ஒரு சொட்டு விடுகிற வேலைதான். ஆனால் முழு ஒழுங்கையும் ஒரே காலையில், கோழிகளைத் திறந்துவிட முன்னர், அதைச் செய்து முடிக்க வேண்டும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை திரும்பவும் செய்ய வேண்டும். குஞ்சு கொடுக்கிற திட்டங்களில் ஐஸ் பெட்டிக்கும் ஓர் ஆளின் ஒரு நாள் கூலிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கியிருந்தால், அந்தக் குஞ்சுகளில் எவ்வளவோ மிஞ்சியிருக்கும்.

வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் ஒழுங்கையில் மருந்து விடுவதாகப் பேசியிருக்கிறோம். நோய்க்காரக் கோழி இப்போது ஒரு முற்றத்திலும் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டோம். 14 வீடுகளில் 11 வீடுகள் சம்மதம். மருந்து விட்டால் முட்டை நின்றுவிடும் என்று மூன்று வீட்டார் பயப்படுகிறார்கள். அவர்களோடு பேச நாளைக்கு அக்காவே போகிறார். மிஞ்சிய நான்கில் ஒன்று இன்னும் கழுத்தைச் சரித்துக்கொண்டுதான் நடக்கிறது. அதையும் தூக்கிக்கொண்டு போகப் போகிறாராம். கொண்டுபோனால் நோயும் கூடவே போகலாம், அது கூட்டிலேயே நிற்கட்டும் என்று மறித்திருக்கிறேன்.